தாத்தா மேல் ஒரு கேஸ்

கோடு எழுதறப்போ ஒரு பேரைத் தப்பா அடிச்சா கம்பைலர் உடனே கத்தும். கோர்ட்டுல அப்படி யாரும் கத்த மாட்டாங்க. எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நிக்கிற வரைக்கும் தெரியாது. இதை நான் ஆறு லட்ச ரூபாயைப் பணயம் வெச்சுக் கத்துக்கிட்டேன். அதுவும் என் பணம் இல்லைங்க, அப்பாவோட பி.எஃப். பணம்!

மேட்டர் இதான். ஆழ்வார்பேட்டையில எங்க பக்கத்து வீட்டு மாமாவுக்கு அப்பா புரோநோட்டு எழுதி வாங்கிட்டுக் கடன் கொடுத்தார். "அடுத்த மாசம் சார்"னு இழுத்து இழுத்து மூணு வருஷக் கெடு முடிய ரெண்டே வாரம்தான் பாக்கி. அவசர அவசரமா கேஸ். விவரமெல்லாம் டைப் பண்ணி வக்கீலுக்கு அனுப்பினது அடியேன். புரோநோட்டுல கையெழுத்து ஒரே கிறுக்கல். அதனால அவர் வீட்டு ஈ.பி. கார்டைப் பார்த்து இனிஷியல் போட்டேன்.

நாலு மாசம் கழிச்சு பதிலுரை வந்தது. அந்த இனிஷியல் மாமாவோட தாத்தாவுடையதாம்! தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊராச்சே. தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. செத்தவர் மேல போட்ட கேஸ் செல்லாது, தள்ளுபடி பண்ணுங்கன்னு கேட்டிருந்தாங்க. புதுசாப் போடலாம்னா கெடு தாண்டியாச்சு. அன்னிக்கு ராத்திரி அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

வக்கீல் பொறுமையா விளக்கினார். சரியான ஆள் மேலதான் கேஸ், பேர் மட்டும் தப்புன்னா திருத்திக்கலாம். பழைய தேதியே நிக்கும். ஆளே தப்புன்னா புது ஆளைச் சேர்க்கணும். அப்போ 1963 காலவரையறைச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி, அவரைச் சேர்த்த தேதிதான் அவர் மேல கேஸ் போட்ட தேதி. நல்லெண்ணத்துல நடந்த தவறுன்னு கோர்ட் நம்பினா மட்டும் முன் தேதி கிடைக்கும். லேபிள் தப்பா, டப்பாவே தப்பாங்கிறதுதான் கேள்வி.

இதுக்கு ஒரு பழைய கேஸ் உண்டு. 1950-ல நைனிடால்ல மனோகர் லால்ங்கிறவர் மரம் சப்ளை பண்ணின பாக்கிக்காக, தன் பேர்ல போடாம 'ஜெய் ஜெய் ராம் மனோகர் லால்'ங்கிற வியாபாரப் பேர்ல கேஸ் போட்டுட்டார். கீழ்க்கோர்ட் திருத்த அனுமதிச்சது, ஐகோர்ட் ஒத்துக்கலை. 1969-ல சுப்ரீம் கோர்ட், நடைமுறைப் பிழைக்காக ஒருத்தருக்கு நியாயத்தை மறுக்கக் கூடாதுன்னு அவர் பக்கம் நின்னுது. பாக்கி கேட்டவருக்குப் பேரைத் திருத்தவே பத்தொன்பது வருஷம்!

நாங்க ஆர்டர் 6 ரூல் 17, பிரிவு 153-ன் கீழ் மனு போட்டோம். நல்லவேளை, விசாரணை தொடங்கலை. தொடங்கியிருந்தா 2002 திருத்தத்துக்கப்புறம் ரொம்பக் கஷ்டம். எங்க நோட்டீசுக்கு மாமா தானே கையெழுத்துப் போட்டு அனுப்பின பதிலும், சம்மனை அவரே வாங்கினதும் கைகொடுத்தது. இது வெறும் பேர்ப் பிழைன்னு சொல்லி ஜட்ஜ் அனுமதிச்சார். மாமாவுக்கு மூவாயிரம் ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொன்னார். கட்டினது நான்தான்.

கேஸ் இன்னும் நடக்குது. யார் மேலயாவது போடறதா இருந்தா, அவங்க கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் அடையாள அட்டையையும் பார்த்துப் பேரை எழுதுங்க, மக்களே.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எங்க ஈ.பி. கார்டை எடுத்து நீட்டினார். அதுல இன்னும் எங்க தாத்தா பேர்தான்.