உலகளந்த ஊரில் ஒரு யாத்திரைப் பத்திரம்

விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் ரயில் பாதையில், திருக்கோவிலூர் என்று பலகை போட்ட நிலையத்தில் இறங்குகிறவர் உண்மையில் திருக்கோவிலூரில் இறங்குவதில்லை. நிலையம் இருப்பது தென்பெண்ணையின் வடகரையில், அரகண்டநல்லூரில். பாலத்தைக் கடந்து தென்கரை சேர்ந்தால்தான் ஊர். சென்ற மாதம் நான் கடந்தபோது ஆற்றில் மணலே மிகுதி. தண்ணீர் ஓரமாக ஒதுங்கிச் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்து, இரு கரையையும் கலங்க அடித்த நதி இதுதான் என்று சொன்னால் அயலூரார் நம்பமாட்டார்கள்.

ஆற்றில் ஒரு பாறை. அதன் மேல் சிறு கோயில். கபிலர் குன்று என்பார்கள். பாரி மாண்டபின் அவன் பெண்கள் இருவரையும் பறம்பு மலையிலிருந்து அழைத்து வந்து, அவர்களுக்கு ஓர் அடைக்கலம் தேடி வைத்த பிறகே கபிலர் இங்கே உயிர் துறந்தார் என்பது இவ்வூர் மரபு. வழிநடைப் பயணத்தில் துணை என்பது என்ன என்று அந்தப் பாறை எனக்குச் சொல்லாமல் சொல்லிற்று.

நான் வந்த காரியமும் ஒரு பயணத்தைப் பற்றியதே. சந்நிதித் தெருவில் வசிக்கும் என் அத்தைக்கு வயது 72. வைணவர்கள் போற்றும் 108 திருப்பதிகளில் திருக்கோவிலூர் ஒன்று, முக்திநாத் மற்றொன்று. வீட்டு வாசலில் இருப்பதைத் தினமும் சேவிப்பவளுக்கு, இமயத்தின் மடியில் இருப்பதையும் ஒருமுறை சேவித்துவிட வேண்டும் என்று ஆசை. ரயிலில் காசி, கோரக்பூர். அங்கிருந்து பஸ்ஸில் சோனௌலி எல்லையைத் தாண்டிப் போக்ரா. பிறகு மலைப்பாதையில் ஜோம்சோம், முக்திநாத். தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். சுருள் முறுக்கு, புளிக்காய்ச்சல், கம்பளிச் சட்டை எல்லாம் தயார். இன்ஷூரன்ஸ் படிவம் ஒன்றுதான் பாக்கி. அதைப் படித்துச் சொல்லத்தான் என்னை வரவழைத்திருந்தாள்.

"ரயில் டிக்கெட்டோடு ஏதோ எடுத்தாயிற்றாமே, போதாதா?" என்றாள் அத்தை.

போதாது. 2016-இல் தொடங்கிய அந்த ஏற்பாடு நல்லதுதான். இணையத்தில் டிக்கெட் எடுப்பவர் ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் கட்டினால், ரயில் விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர முழு ஊனம் நேர்ந்தாலோ 10 லட்சம் ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. ஆனால் அது விபத்துக்கு உரியது. ஓடும் ரயிலில் மாரடைப்பு வந்தால் அதற்குப் பொறுப்பில்லை.

"வீட்டிலே மருத்துவ பாலிசி இருக்கிறதே?"

இருக்கிறது. காசி வரையில், கோரக்பூர் வரையில் அது துணை வரும். அத்தையின் பாலிசி சோனௌலியில் நின்றுவிடும். இந்திய எல்லைக்கு அப்பால் அதற்குக் கால் கிடையாது. எல்லை கடக்கும் பயணத்துக்கு வெளிநாட்டுப் பயணப் பாலிசி ஒன்றைப் புறப்படும் முன்பே எடுத்தாகவேண்டும். நேபாளம் செல்ல இந்தியருக்கு வாக்காளர் அட்டையே போதும் என்றாலும், பல நிறுவனங்கள் பாலிசிக்குப் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்கும். பாஸ்போர்ட் எதற்கு என்று இருந்துவிடுகிறவர்கள் கடைசி வாரத்தில் விழிப்பார்கள்.

முக்திநாத் 12,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் வாழ்ந்தவர்களுக்கு அங்கே காற்றின் மெலிவால் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரக்கூடும். முற்றினால் அதற்கு முதல் வைத்தியம் ஒன்றே: தாமதமின்றிக் கீழே இறக்குவது. சில சமயம் ஹெலிகாப்டர்தான் வழி. ஆகவே பாலிசியில் "அவசர இடமாற்றம்" இருக்கிறதா, எத்தனை அடி உயரம் வரை செல்லும், கூப்பிட வேண்டிய எண் எது என்ற மூன்றையும் பார்க்கவேண்டும்.

படிவத்தின் நடுவில் "ஏற்கெனவே உள்ள நோய்கள்" என்று ஒரு கட்டம். அத்தை பேனாவை எடுத்து "இல்லை" என்று எழுதப் போனாள். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அவளுடன் குடியிருக்கின்றன!

"எழுதினால் பணம் கூடக் கேட்பான்" என்றாள்.

அப்போது என் மைத்துனர் கதையைச் சொன்னேன். அவரும் இதே வழியில் போனவர். இதே கட்டத்தில் "இல்லை" என்று எழுதியவர். மலையில் மூச்சு முட்டியது. உடன் போனவர்கள் பதறிப்போய், விடுதிக்காரர் மூலமாக ஹெலிகாப்டரை அழைத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. ஊர் திரும்பிப் பில்லை அனுப்பினால், கம்பெனி இரண்டு காரணம் சொல்லிற்று: நோயை மறைத்தது ஒன்று, உதவி எண்ணுக்குச் சொல்லி அனுமதி பெறாமல் ஹெலிகாப்டரை அமர்த்தியது மற்றொன்று. என் சகோதரியின் இரட்டைவடச் சங்கிலி அந்தக் கடனில் போயிற்று.

நோயை எழுதிவிட்டால் எல்லாப் பணமும் வந்துவிடும் என்பதும் இல்லை. சில பாலிசிகள் பழைய நோயால் உயிராபத்து நேரும்போது மட்டும், ஒரு வரம்புக்குள் கொடுக்கும். சில கொடுக்கவே மாட்டா. ஆனால் எழுதாதவருக்குக் கேட்கவே வாயில்லை.

அத்தை பதில் சொல்லவில்லை. "வா, கோயிலுக்குப் போய்வரலாம்" என்று எழுந்தாள்.

ஒரு திருவடியை உயரத் தூக்கி நிற்கும் பெருமாளைச் சேவித்துவிட்டு நின்றோம். பொய்கையார், பூதத்தார், பேயார் என்னும் முதலாழ்வார் மூவரும் ஒரு மழையிரவில் ஒதுங்கியது இவ்வூர் இடைகழி ஒன்றில்தான் என்பது குருபரம்பரைக் கதை. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். முன்னே வந்தவர் தம் வசதியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால் பின்னே வந்தவர் நனையாமல் தப்பினார்.

இன்ஷூரன்ஸ் என்பதும் இந்த இடைகழிதானே என்று எனக்குத் தோன்றியது. பலர் ஒதுங்கும் இடம். ஒவ்வொருவரும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டால் எவரோ ஒருவர் மழைக்குத் தப்புகிறார். இதே மாவட்டத்தில், மேற்கே கல்வராயன் மலையில், வண்டி எட்டாத குடியிருப்புகளிலிருந்து நோயாளியைத் தூளியில் கிடத்தி, மூங்கிலைத் தோளில் தாங்கி, சாலைவரை இறக்கி வந்ததை அறியாதவர் இல்லை. 2008 முதல் ஓடும் 108 வண்டியும் சாலை உள்ள இடம் வரைதானே வரும்? அங்கே பாலிசி கிடையாது. பக்கத்து வீட்டுத் தோள் உண்டு. முக்திநாத்தில் நமக்குப் பக்கத்து வீடு ஏது? அந்தத் தோளைப் புறப்படும் முன்பே தேடி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வீடு திரும்பியதும் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, 14 வருஷம்" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். மாத்திரைகளின் பெயரையும் எழுதினாள். கட்டணம் கூடத்தான் செய்தது. உதவி எண்ணை ஒரு துணியில் மையால் எழுதி, சுருக்குப்பையின் உட்புறம் தைத்துக்கொண்டாள்.

"இந்தப் பைக்குள்ளே இருக்கிறதென்று கூட வருகிறவர்களுக்கும் சொல்லி வைத்துவிடுகிறேன். எனக்கு மூச்சு முட்டும்போது நானா கூப்பிடப் போகிறேன்?" என்றாள்.

எனக்குத் தோன்றாத யோசனை அது! செய்தி தெருவில் பரவச் சற்று நேரம்கூட ஆகவில்லை. நான் ரயிலுக்குக் கிளம்பும் சமயம், திண்ணையில் நான்கு மாமிகள் ஆளுக்கொரு படிவத்துடன் உட்கார்ந்திருந்தார்கள். நால்வர் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்றே எழுதியிருந்தது.

அன்றைய ரயில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.