ஆவாரம்பட்டையும் பாலாறும்

பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணிதான். சீரகச் சம்பா, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி என்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். அரைநாளாவது தங்கிப் பார்க்க வேண்டிய ஊர் இது.

மைசூர் மேட்டு நிலத்திலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழியில், பாலாற்றை ஒட்டிக் கிடக்கிறது ஆம்பூர். படைகளுக்கும் அதுதான் வழி. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் இங்கே போரில் மாண்டார். எதிரே சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையோடு நின்றார்கள். இரண்டாம் கர்நாடகப் போர் தொடங்கியது இந்த மண்ணில்தான்.

போர் ஒரு நாளில் முடிந்துவிட்டது. ஊரை ஆக்கியது தோல்.

பதனிடத் தண்ணீர் வேண்டும், பட்டை வேண்டும். பாலாறு ஊற்றுநீர் தந்தது. சுற்றுக் காடுகளில் ஆவாரை மண்டிக் கிடந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சதையைச் சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டு, கடைசியில் கடுக்காய்க் கரைசலில் தோய்த்து எடுப்பார்கள். கெட்ட வாடையில், முழங்கால் நனைய நின்று செய்த வேலை. இப்படிப் பதனான மாட்டுத்தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலத்துக்குப் போய், இங்கிலாந்தில் பூட்ஸாக மாறியது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசு தன் சிப்பாய்களின் பூட்ஸுக்காக இந்தத் தோலை வாரிக்கொண்டது. நார்தாம்ப்டன் என்ற ஆங்கிலேயச் சந்தை ஊர் செருப்புத் தொழிலால் உலகப் பெயர் பெற்றதே, அந்தப் பெயருக்குள் நம் ஆவாரம்பட்டையின் வாசமும் உண்டு.

1970-களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. தோலாக அனுப்பாதே, ஷூவாக அனுப்பு என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு ஷூ கம்பெனிகள் பெருகின. காலையில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சாப்பாட்டுப் பையோடு காத்திருக்கும் பெண்களைப் பாருங்கள். ஆம்பூரின் பெரிய வரலாற்று மாற்றம் எது என்று கேட்டால், நவாப் விழுந்ததை அல்ல, இவர்கள் கைக்குச் சம்பளம் வந்ததையே சொல்வேன்.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். பட்டை போய் குரோமியம் வந்தது. கழிவுநீர் பாலாற்றில் கலந்தது, கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற நெறி நம் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கும்படி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

நார்தாம்ப்டன் தன் அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கான செருப்புகளைச் சேர்த்துக் காக்கிறது. ஆம்பூரிலும் ஒரு கட்டடம் வேண்டும். அதில் ஒரு பழைய பட்டைக் குழி, சதை சுரண்டிய கத்தி, ஒரு ஷூ தையல் மெஷின். பக்கத்திலேயே, கெட்டுப்போன கிணற்றின் தண்ணீர் ஒரு குடுவையில்.