தங்கச்சிக்குக் கொடுப்பியா?

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சப்போ, எங்க வீட்டு வருமானமே அம்மா சுடுற முறுக்குதான். அந்தத் தீபாவளிக்கு 20 கிலோ ஆர்டர். கணக்குப்பிள்ளை, டெலிவரி பாய் எல்லாம் நானேதான்!

ராத்திரி 11 மணி. இன்னும் 6 கிலோ பாக்கி. சட்டியில எண்ணெய் கருத்து, நுரை கட்டிப்போச்சு. பிரிக்காத டின் ஒண்ணு இருந்தது. அதைத் தொட்டா, என் செமஸ்டர் ஃபீஸுக்குப் போட்டு வெச்ச கணக்கு காலி.

"வடிகட்டி, கொஞ்சம் புது எண்ணெய் கலந்துடலாம்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

எனக்குத் தெரியுமே! எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் போலார் சேர்மங்கள் அதிகமாகும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்பது 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு விதி. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

அம்மாவுக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. "சரி, அதுலயே சுடறேன். முதல் முறுக்கை உன் தங்கச்சிக்குக் குடு" என்றார்.

தூங்கிக்கிட்டிருந்தவளைப் பார்த்தேன். பேசாமல் டின்னைப் பிரிச்சேன்.

லாபம் பாதியாச்சு. ஃபீஸைக் கடன் வாங்கித்தான் கட்டினேன். அதுக்காக ஆர்டர் ஒண்ணும் குவிஞ்சிடல. முறுக்கு வாங்கினவங்களுக்கு இந்தக் கதையே தெரியாது.

படிக்கும்போதே பிசினஸில் குதிக்கும் நண்பர்களே, தொழில் தர்மத்துக்குப் பெரிய புத்தகமெல்லாம் வேண்டாம். 'இதை என் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பேனா?' என்று கேட்டுப் பாருங்க. பதில் சொல்ல நாக்கு தயங்கினா, அந்தப் பொருள் வாசலைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்!