அண்ணனின் குரல்

எங்கள் மூவருக்கும் இலக்கியம் முதலில் காதின் வழியாகவே வந்து சேர்ந்தது. திருநெல்வேலி டவுனில் ஒரு வளவு வீடு. மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் அரிக்கேன் விளக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அண்ணன் எங்களுக்குக் கதை வாசிப்பார். எங்களில் மூத்தவரைவிடவும் அவர் பத்து வயது பெரியவர். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எத்தனை முறை வாசித்திருப்பார் என்று கணக்கில்லை. அவர் வாயில் பிள்ளை எங்கள் தெருக்காரராகவே ஆகிவிடுவார். கடவுளோ வெளியூரிலிருந்து வந்து வழி தெரியாமல் நிற்பவரைப்போலத் தயங்கித் தயங்கிப் பேசுவார். பின்னாளில் அக்கதையை நாங்களே அச்சில் படித்தபோது, ஏதோ குறைவதுபோல் இருந்தது. குறைந்தது அண்ணனின் குரல்தான்.

2003 ஐப்பசியில் அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. மழைக்காலத்துச் சளி என்றே எல்லோரும் நினைத்தோம். பக்கத்திலிருந்த மருத்துவர் ஒருவர் இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். வேலையின்பொருட்டு வெவ்வேறு ஊர்களில் இருந்த நாங்கள், தொலைபேசியில் அந்தக் கரகரப்பைக் கேட்டுக் கேலி செய்தோம். "என்னண்ணே, சினிமாவுல வில்லன் வேசத்துக்குக் கூப்பிட்டுட்டாங்களா?" அவரும் சிரித்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதும் குரல் தெளிந்திருக்கவில்லை. அதை எங்களைவிட நன்கு அறிந்த காதுகள் இல்லை. கேட்டோம், கவனிக்கவில்லை.

குரல்நாணில் தோன்றும் புற்றுநோய் மற்றப் பல புற்றுநோய்களைப்போல் நெடுநாள் ஒளிந்திருப்பதில்லை. தொடக்கத்திலேயே குரலை மாற்றித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்நிலையில் பெரும்பாலும் கதிர்வீச்சினாலேயே குணப்படுத்திவிடலாம், குரலும் மிஞ்சும். மூன்று வாரங்களுக்கு மேல் கம்மல் நீடித்தால், புகைபிடிப்பவராயின் சற்றும் தாமதிக்காமல், தொண்டைக்குள் பார்க்கச் சொல்ல வேண்டும். அண்ணன் இருபது வருடங்களுக்கு மேல் சிகரெட் பிடித்தவர். இவற்றையெல்லாம் நாங்கள் கற்றுக்கொண்டபோது மாசி மாதமாகியிருந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட இடம் அது. உடன்பிறப்பை இழந்த ஒருத்தி எழுப்பிய கட்டடத்தில், உடன்பிறப்பை இழந்துவிடக் கூடாதே என்று காத்திருந்தோம்.

குரல்வளையை முழுவதுமாக அகற்றினார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. இனி மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு போகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வேறென்னவெல்லாம் போகும் என்பதை நாட்கள் செல்லச் செல்லவே அறிந்தோம். மூக்கின் வழியே காற்றுப் போகாததால் வாசனை தெரியாது. புதுப் புத்தகத்தைப் பிரித்ததும் முகத்தருகே கொண்டுபோகும் பழக்கமுள்ளவர், கொண்டுபோய்விட்டு அப்படியே கீழே வைத்தார். காப்பியை ஊதிக் குடிக்க முடியாது. ஆற வைத்துத்தான் குடிக்க வேண்டும். துளைக்குள் தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். குறுக்குத்துறையில் எங்கள் மூவருக்கும் நீச்சல் பழக்கியவர், தாமிரபரணியில் முழங்காலளவு மட்டும் இறங்கி நின்றுவிட்டுப் படிக்கட்டுக்குத் திரும்பினார்.

கழுத்தில் அழுத்திப் பேசும் கருவி ஒன்று கிடைத்தது. அதிலிருந்து எழுந்த இயந்திர ஒலியைக் கேட்டுவிட்டு, "இது பிள்ளைக்கும் சரிவராது, கடவுளுக்கும் சரிவராது" என்று எழுதிக் காட்டினார். அதன்பின் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறமே அவருடைய பேச்சு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய கை. ஒரு அடித்தல் இராது.

ஒருநாள் நாங்கள் மூவரும் இருந்தபோது, எங்களில் இளையவர் பொறுக்கமாட்டாமல் அந்த வில்லன் கேலியைச் சொல்லி அழுதுவிட்டார். அண்ணன் தாளை எடுத்து எழுதினார்: "எனக்கு அப்பவே பயமாத்தான் இருந்தது. நீங்க சிரிச்சதுல பயம் கொஞ்சம் போச்சு." அந்தத் தாள் எங்களிடம் இருக்கிறது. அதில் இருப்பது ஆறுதலா, எங்கள் சிரிப்பினால்தான் அவர் மேலும் தாமதித்தாரா என்பதை இன்றளவும் எங்களால் தீர்மானிக்க முடியவில்லை. அவரிடம் கேட்கவும் துணியவில்லை. நோய் நுரையீரலுக்குப் பரவி, 2006 ஆவணியில் அண்ணன் காலமானார்.

1980-களில் வீட்டுக்கு டேப்ரிக்கார்டர் வந்த புதிதில், அண்ணன் அந்தக் கதை முழுவதையும் வாசித்து ஒரு கேசட்டில் பதிவு செய்திருந்தார். சில மாதங்களுக்குப்பின் இலங்கை வானொலியில் வந்த சினிமாப் பாட்டுகளை நாங்கள் அதே கேசட்டில் பதிந்துவிட்டோம். "போகட்டும், நான்தான் இருக்கேன்லா" என்றார். அவர் மறைந்தபின் அந்தக் கேசட்டை இருபுறமும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தோம். பாட்டுகள்தாம் இருந்தன.

சென்ற முறை மூவரும் கூடியபோது, அவரைப்போல் வாசித்துக்காட்ட முயன்றோம். ஒருவர் சற்றுக் கனத்த குரல் என்றார். மற்றவர், இல்லை, மெல்லிய குரல், அடிவயிற்றிலிருந்து வருவதால் கனமாகத் தோன்றும் என்றார். மூன்றாமவருக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. மூவரிடமும் மூன்று அண்ணன்கள் இருக்கிறார்கள். மூன்றும் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டு வருகின்றன.

அப்போது எங்கள் மகள் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். குரல் கம்மியிருந்தது. மூவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்: "எத்தனை நாளா?"