சாயம் ஏறிய பிறகு

ஒருவருடைய பொய் வெளிப்பட்டால் ‘சாயம் வெளுத்துப்போயிற்று’ என்கிறோம். சாயம் மறைப்பது, வெளுப்பது உண்மையைக் காட்டுவது என்றே மொழி எங்களுக்குக் கற்பித்திருந்தது. எங்கள் கல்லூரி விலங்கியல் துறை நடத்திய கண்காட்சியில், தமிழ்த்துறையினர் நாங்கள் நுண்ணோக்கியின் முன் நின்றபோது அந்தப் பாடம் தலைகீழானது.

சாயமேற்றாத தகட்டில் செல்லின் உட்கரு கண்ணுக்குத் தட்டுப்படவேயில்லை. மெத்திலீன் நீலம் ஏற்றிய தகட்டில் அது தெளிவாகத் தெரிந்தது. நியூக்ளிக் அமிலம் எதிர்மின்னேற்றம் உடையது. அந்தச் சாயம் நேர்மின்னேற்றம் உடையது. ஆகவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ராபர்ட் ஃபாய்ல்கன் 1924இல் வெளியிட்ட முறை இன்னும் விந்தையானது. ஃபுக்சின் என்னும் செஞ்சாயத்தை முதலில் வெளுக்கச் செய்துவிடுகிறார்கள். அமிலத்தில் பக்குவப்பட்ட டி.என்.ஏ.வைச் சேர்ந்த இடத்தில் மட்டும் அது மீண்டும் சிவக்கிறது, ஆர்.என்.ஏ.வில் நிறம் கொள்வதில்லை.

அடுத்த தகட்டில் யானைக்கால் நோயின் நுண்புழு. உடல் நெடுகக் கோத்த மணிகளாய் நீல உட்கருக்கள். வால்நுனியில் மட்டும் ஒன்றுமில்லை. கேரளத்துச் சேர்த்தலைப் பக்கம் காணப்பட்ட மற்றோர் இனத்துக்கு அந்நுனியிலும் இரண்டு மணிகள் உண்டாம். இனத்தைப் பிரித்தறிய அதுவே அடையாளம் என்றார் விலங்கியல் பேராசிரியர். எங்களுக்கு ஆயாவின் நினைவு வந்துவிட்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவுரிச் சாயமேற்றிய நீலத்துணியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றிய ஊர் இது. ஆயாவுக்கு இடக்கால் வீங்கியிருந்தது. திண்ணையைத் தாண்டி அவர் உள்ளே வருவது குறைவு. அவருடைய குவளை தனி மாடத்தில் இருக்கும்; பிள்ளைகள் நாங்கள் அதைத் தொடமாட்டோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் இரவு பத்து மணிக்குமேல் சுகாதார ஊழியர் ஒருவர் டார்ச் விளக்கோடு வந்தார். அந்தப் புழுக்கள் இரவில்தான் விரல்நுனி இரத்தத்துக்கு வருமாம். வீட்டில் அனைவருக்கும் விரலில் குத்தித் தகட்டில் தடவிக்கொண்டு போனார். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்னும் இருவர் 1944இல் வகுத்த ஜே.எஸ்.பி. சாயம் இத்தகைய இரத்தத் தகடுகளுக்காக நம் நாட்டில் பரவலாகப் பயன்பட்டது என்பதும், அதற்கும் மெத்திலீன் நீலமே மூலம் என்பதும் பேராசிரியர் சொல்லித்தான் இப்போது தெரிந்தது.

முடிவு வந்தது. ஆயாவின் இரத்தத்தில் புழு இல்லை. கால் வீங்கி நோய் முற்றியவர்களிடம் பெரும்பாலும் அது இராது. இருந்தாலும் தொடுவதால் பரவாது, கொசுவால்தான் பரவும். இவற்றையெல்லாம் நாங்கள் அறிந்தபோது ஆயா இல்லை.

புழு இருந்தது அப்பாவின் இரத்தத்தில். காலில் வீக்கமில்லை, காய்ச்சலில்லை. பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்பாவுக்கு யாரும் தனிக்குவளை வைக்கவில்லை. ஆயாவின் குவளையும் மாடத்தைவிட்டு இறங்கவில்லை.