ஆற்றங்கரையில் படித்தவை

கோடை விடுமுறையில் சொந்த ஊராகிய மாகறலுக்குச் செல்லும்பொழுது இரண்டொரு நூல்களை உடன் எடுத்துச் செல்வது என் நெடுநாளைய வழக்கம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குச் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் அமைந்த சிற்றூர் அது. திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலமாதலின் சைவ அன்பர்கள் அதனை நன்கறிவர். சங்கத்தமிழ் பயில்வோர்க்கும் எங்கள் ஊர் ஆறு அயலானதன்று. நன்னனின் நாட்டைப் பாடும் மலைபடுகடாம் சேயாறு என்று சுட்டுவது இதனையே. சவ்வாது மலையில் பிறக்கும் அவ்வாறு எங்கள் ஊரைக் கடந்து, திருமுக்கூடல் அருகே பாலாற்றில் கலக்கிறது.

அவ்வாற்றங்கரையில் அமர்ந்து இவ்வாண்டு நான் படித்தவை மூன்று. ஒன்று, நம் உமறுப்புலவரின் காப்பியத்தில் ஒரு படலம்; மற்றொன்று, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு; பிறிதொன்று, 1996-ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்பு. தமக்குள் யாதொரு தொடர்பும் இல்லாத இம்மூன்றும் என்னை ஒரே கேள்வியின்முன் கொண்டுவந்து நிறுத்தின. அக்கேள்வியை மாணவர்களோடும் சக ஆசிரியர்களோடும் நம் சமுதாயப் பெரியவர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

வகுப்பில் பாடஞ் சொல்லும்பொருட்டுச் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தை மீண்டும் புரட்டினேன். அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த புலவர் அங்கே மழை பொழிவதையும், வெள்ளம் பெருகுவதையும், வயல்கள் விளைவதையும் காட்டி, மருத நிலத்தையே நம் கண்முன் நிறுத்துகிறார். பாலை நாட்டில் இஃது எங்ஙனம் பொருந்தும் என வினவும் மாணவர்க்கு, 'இது தமிழ்க் காப்பிய மரபு' என்று விடை கூறி அப்பால் செல்வதே இதுகாறும் என் வழக்கம். இம்முறை அவ்விடை எனக்கே போதவில்லை. எட்டயபுரத்துக் கரிசல் மண்ணில் வாழ்ந்த புலவர் நீரின் அருமையை நன்கறிந்திருப்பார். நெஞ்சில் நிறைந்த பெருமானார் பிறந்த நாட்டுக்குத் தம்மிடமிருந்த செல்வங்களுள் தலைசிறந்ததைக் காணிக்கையாக்க எண்ணியவர், ஓர் ஆற்றையே அளித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

நூலினின்று கண்ணை எடுத்து எதிரே நோக்கினேன். புலவர் மணலுக்கு ஆற்றைக் கொடுத்தார்; நாமோ ஆற்றிலிருந்து மணலையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் இளமையில், சித்திரை வெயிலிலும் செய்யாற்று மணலைக் கையால் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். என் நன்னி குடத்தோடு சென்று, ஊற்றுப் பறித்து, கலங்கல் தெளியும் வரை பொறுத்திருந்து, கொட்டாங்கச்சியால் முகந்து முகந்து குடத்தை நிரப்புவார். அன்று அவர் அமர்ந்திருந்த இடத்தில் இன்று பள்ளங்களும், களிமண் திட்டுகளும், சீமைக்கருவேல முட்களுமே உள்ளன. மணல் என்பது வெறும் கட்டுமானப் பொருளன்று. வெள்ளத்தை உறிஞ்சி வைத்து, கோடையில் கிணறுகளுக்குச் சிறுகச் சிறுகத் தரும் சேமக்கலம் அது. மணலை அள்ளுந்தோறும் ஆற்றின் படுகை தாழ்கிறது. படுகை தாழ்ந்தால் ஏரிக்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாயின் தலைப்பு மேலே நின்றுவிடுகிறது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் செய்யாற்றிலும் வெள்ளம் பெருக்கெடுத்ததை அனைவரும் அறிவோம். வரும் வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் படுகை இல்லையேல், அது கரையை அறுத்துக்கொண்டு கடலுக்கே செல்லும்.

இந்நிலைக்குப் பொறுப்பு யாருடையது என்று எண்ணியவாறே அடுத்த நூலைக் கையிலெடுத்தேன். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளியிட்ட, சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய ஆய்வுநூல் அது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. முப்பது குடும்புகள், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுதல், ஒரு சிறுவன் கையால் எடுத்தல், பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். இவற்றை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தோட்டத்துக்குப் பன்னிருவர், ஏரிக்கு அறுவர் எனத் தனித்தனி வாரியங்கள் இருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆயின் என்னை நிறுத்தியது பிறிதொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது. அவன் மட்டுமல்லன், அவனுடைய உறவினரும் ஆகார். தந்தை, மகன், தாய்மாமன், மைத்துனன், மருமகன், உடன்பிறந்தாள் மகன் என அப்பட்டியல் நீள்கிறது. பொதுப்பொருளின் பயன் வீட்டினுள்ளும் வருகிறது. ஆதலின் கணக்கின் சுமையும் வீட்டினுள் வரவேண்டும் என்று அவ்வூரார் எண்ணினர் போலும்.

அம்முறையைக் குறையற்றதெனக் கூறேன். நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அக்குடத்தில் இடமிருந்தது. வயலில் உழைத்தோர் பெயரோ, பெண்டிர் பெயரோ, என் முன்னோர் பெயரோ அதில் விழுந்திராது. எனினும் கணக்கு என்னும் அவ்வொரு சொல் என்னைவிட்டு அகலவில்லை.

மூன்றாவதாகப் படித்தது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு. பாலாற்றுப் பகுதியிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் விளைந்த கேட்டை அது ஆராய்கிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசு செய்தவரே அதற்கு விலை தரவேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளுள் அதுவும் ஒன்று.

அது வெளிவந்தபொழுது நான் மேல்நிலை வகுப்பு மாணவன். என் தாய்மாமா இராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் தொழிற்சாலை ஒன்றில் கூலி வேலை செய்துவந்தார். சுத்திகரிப்பு வசதி இல்லாத தொழிற்சாலைகள் மூடப்பட்ட அந்நாள்களில், அவர் வேலையின்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. 'நம் சமுதாயத்தின் பிழைப்பைப் பொறுக்காதவர்கள் செய்த வேலை இது' என்று அங்கே சிலர் பேசினர். நானும் அதனை நம்பினேன். தீர்ப்பின் ஒரு வரியையேனும் படிக்காமலே நம்பினேன். பின்னர்க் கல்லூரியில் சேர்ந்தபொழுது என் கட்டணத்தைச் செலுத்தியது ஒரு தோல் வணிகரின் அறக்கொடையே. வட ஆர்க்காட்டில் நம்மவர் கல்வி நிலையங்கள் பல அத்தகையோர் கொடையால் வளர்ந்தவை. அக்கொடை இல்லையேல் நான் ஆசிரியனாகியிருக்க மாட்டேன். இந்நன்றியை மறந்து எழுதுவேனாயின் அது பிழையாகும்.

ஆயினும் நன்றி வேறு, கண்மூடல் வேறு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. 1970-களில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை முழுமையாகப் பதனிட்ட தோலை வற்புறுத்தவே, குரோமியப் பதனீடு பெருகிற்று. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. கழிவு உழவனின் கிணற்றுக்குச் சென்றது. ஆகவே குற்றம் தொழிலதிபர்களுடையது மட்டுமன்று, கொள்கை வகுத்தோருடையதும், கண்காணிக்கத் தவறியோருடையதுமாகும். பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன என்பதும் உண்மை. எனினும் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு தீரவில்லை எனக் கண்ட உச்ச நீதிமன்றம் இழப்பீட்டையும் கண்காணிப்புக் குழுவையும் குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. கிணறு கெட்டவர்களுள் நம் சமுதாயத்து ஏழைகளும் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

தீர்ப்பின் சில பகுதிகளை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். முதுமையால் தளர்ந்த அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "கிலோவுக்கு முப்பத்தஞ்சு லிட்டர்னா போட்டிருக்கு? நாங்க ஒருநாளும் அளந்து பாத்ததில்லையேப்பா" என்றார். அச்சொல்லில் குற்ற உணர்வைக் காட்டிலும் வியப்பே மிகுந்திருந்தது. மாமா முதலாளியல்லர், கணக்குக் காட்டவேண்டியவர் அவருமல்லர். ஆயினும், உத்திரமேரூர்ப் பட்டியலில் 'உடன்பிறந்தாள் மகன்' என்று எழுதியிருந்த இடத்தில் என்னையே கண்டேன். அத்தொழிலின் பயனை உண்டவன் நான். அதன் கணக்கை ஒருநாளும் கேளாதவனும் நானே.

கணக்குக் கேட்கும் இடம் இன்று எங்கே உள்ளது? 73-ஆவது அரசியல் திருத்தத்துக்குப் பின்னர், 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சியின் வரவு செலவு கிராம சபையின்முன் வைக்கப்படவேண்டும் என்பது அதன் நெறி. ஆனால் குடவோலைப் பெருமை பேசும் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடைபெறவில்லை. ஐந்தாண்டுகள் தனி அலுவலர்களே ஊராண்டனர். அக்காலத்தில் ஏரியின் கணக்கை எவரிடம் கேட்பது என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அதே மாவட்டத்தில், பரந்தூர் வானூர்தி நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தம் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் இயற்றினர். அத்திட்டம் வேண்டும் என்பார்க்கும் வேண்டாம் என்பார்க்கும் தத்தம் காரணங்கள் இருக்கலாம். ஆயின் நிலத்தையும் நீரையும் பற்றிய பேச்சு கிராம சபையில் எழுதப்பட்டுப் பதிவாகும்பொழுதுதான் அதற்கொரு கணக்கு உண்டாகிறது.

ஒளுச் செய்யும்பொழுது, ஓடும் ஆற்றின் அருகே இருப்பினும் நீரை வீணாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) தம் தோழர் ஒருவர்க்கு அறிவுறுத்தியதாக இப்னு மாஜாவின் தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. நீர் குறைவாய் இருப்பதால் சிக்கனம் என்றன்று. நிறைந்திருப்பினும் அளவு வேண்டும் என்பதே அதன் கருத்து. மறுமையில் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கப்படும் என்று நம்புகிறவர்கள் நாம். அப்பெருங்கணக்கை நம்புவோர் இம்மையின் சிறு கணக்கைத் தட்டிக்கழித்தல் தகாது.

ஆதலின் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உலக நீர் நாளாகிய மார்ச்சு 22-ஆம் நாளும் கிராம சபை கூட்டப்படவேண்டும் என 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. அன்று உங்கள் ஊருக்குச் சென்று, ஏரி தூர்வாரிய கணக்கையும் கால்வாயின் நிலையையும் பணிவோடு கேளுங்கள். பெரியவர்களே! நீங்கள் வழங்கும் கல்விக்கொடையின் பக்கத்திலேயே, கெட்டுப்போன ஊர்க்கிணறுகளுக்கும் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். நான் என் பங்குக்கு, நம் விடுதியில் ஒளுச் செய்யும் இடத்தில் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் செலவாகிறது என்பதை, மாணவர் சிலரின் துணையோடு இவ்வாரம் முதல் அளந்து எழுதத் தொடங்கியுள்ளேன். மிகச் சிறிய கணக்குத்தான். ஆனால் மாமாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நீரை அளந்து பார்க்கும் முதல் ஆள் நானாகவே இருக்கக்கூடும்.