புகையால் எழுதிய பெயர்கள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகையில் கோதிக் அவென்யூ என்றொரு நீண்ட பாதை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பாதி தூரத்தை அண்ணாந்தபடியேதான் நடக்கிறார்கள். கூரை முழுக்கப் பெயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குகை பார்க்க வந்தவர்களின் பெயர், ஊர், ஆண்டு. மையும் இல்லை, உளியும் இல்லை. எல்லாம் மெழுகுவர்த்திப் புகை. நீளக் கம்பு ஒன்றின் நுனியில் மெழுகுவர்த்தியைக் கட்டி, சுடர் கல்லில் பட்டும் படாமலும் பிடித்தால் ஒரு கரும்புள்ளி விழும். கம்பைச் சற்றே நகர்த்தினால் பக்கத்தில் இன்னொன்று. இப்படிப் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துத்தான் ஓர் எழுத்து. ஒரு பெயரை முடிப்பதற்குள் கழுத்து இற்றுப்போகும்.

அந்தப் பெயர்களில் பலவற்றை எழுதியவர்கள் அவற்றுக்கு உரியவர்கள் அல்லர். அவர்களை உள்ளே கூட்டி வந்த வழிகாட்டிகள், கொடுத்த காசை வாங்கிக்கொண்டு எழுதித் தந்தார்கள். அந்த வழிகாட்டிகளில் முதல் தலைமுறையினர் பலர் அடிமைகள்.

இரண்டு நாள் அந்தக் குகையில் வழிகாட்டிகளின் பின்னால் நடந்துவிட்டு வந்தேன். மாமத் குகையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அதன் நீளத்தில் தொடங்குவார்கள். தொடங்கலாம், தவறில்லை. இதுவரை அளந்த பாதைகளின் மொத்த நீளம் 686 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையில் போகிற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உலகில் இதுவரை அறிந்த குகைகளில் இதுவே மிக நீளமானது. அளந்து முடியவும் இல்லை. ஆனால் அங்கே மனதில் தங்குவது நீளம் அல்ல. அந்த நீளத்தைக் கையில் விளக்கோடு நடந்து கண்டுபிடித்தவர்களின் கதை.

முதலில் குகையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் இது. மண்ணில் ஊறி லேசாக அமிலமாகிய மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, கல்லைக் கரைத்துக் கரைத்துப் பாதையாக்கியது. அருகில் ஓடும் கிரீன் ஆறு தன் பள்ளத்தாக்கை ஆழமாக அரிக்க அரிக்க, நிலத்தடி நீரும் கீழே இறங்கி அடுத்த தளத்தைக் குடைந்தது. அதனால்தான் குகை மாடி மாடியாக இருக்கிறது. மேல் தளங்கள் வறண்டுவிட்டன. அடித்தளத்தில் இன்றும் ஆறு ஓடுகிறது. சுண்ணாம்புக்கல்லின் மேல் மணற்கல் ஒரு கூரைபோலப் போர்த்தியிருப்பதால் பெரும்பாலான இடங்களில் சொட்டு நீர் இறங்குவதில்லை. சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் வெறும் பாறையையும் புழுதியையும் பார்த்துத் திகைப்பார்கள். விழுதுகளைக் காண மணற்கல் இல்லாத ஓரத்துக்கு, உறைந்த நயாகரா என்று பெயரிட்ட இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த வறட்சிதான் இங்கே எல்லாவற்றையும் காத்து வைத்திருக்கிறது. நுழைந்து சற்று தூரத்தில் ரொட்டண்டா என்ற பெருங்கூடம். அங்கே பிரிட்டனுடன் நடந்த 1812-ஆம் ஆண்டுப் போர்க்காலத்து மரத் தொட்டிகளும், உள்ளே துளையிட்ட மரக் குழாய்களும் நேற்று விட்டுப்போனவைபோலக் கிடக்கின்றன. குகை மண்ணைத் தொட்டியில் கொட்டி, நீர் விட்டு வடித்து, வெடிமருந்துக்கான வெடியுப்பு எடுத்தார்கள். எடுத்தவர்கள் சுமார் எழுபது அடிமைகள். அவர்கள் ஒருவரின் பெயரையும் நான் பார்த்த கூரைகளில் காணவில்லை.

முதல் நாள் காலை எங்கள் குழுவுக்கு இரண்டு வழிகாட்டிகள். முன்னால் ஒரு பெண், கடைசியில் ஓர் இளைஞர். நுழைவாயிலை நெருங்கும்போதே குளிர்ந்த காற்று எதிரே வந்து மோதியது. வெளியே கோடை வெயில்; உள்ளே ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 டிகிரி. அந்தப் பெண் எடுத்த எடுப்பில் வரலாறு சொல்லவில்லை. சுவரைத் தொடாதீர்கள், கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு கல்லில் ஒட்டும் என்றார். முழங்கால் வலி யாருக்கு, இதய நோய் யாருக்கு என்று கேட்டார். மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நடை, 540 படிகள், இரண்டு மணி நேரம். திரும்ப நினைப்பவர்கள் இப்போதே சொல்லுங்கள், பாதிவழியில் சொன்னால் எல்லோருக்கும் சிரமம் என்றார். பிறகு தலைகளை எண்ணினார். அதற்கப்புறம் எங்கே நின்றாலும் அவர் கண்கள் ஒரு சுற்று எங்கள் தலைகள்மீது ஓடியதைக் கவனித்தேன். கடைசியில் வந்த இளைஞர் எங்களோடு பேசவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பின்னால் யாரும் தங்கவில்லை என்று பார்த்த பிறகே நகர்ந்தார். தொழில் என்றால் அதுதான்.

அடியில்லாக் குழி என்ற இடத்தில் இரும்புப் பாலத்தின்மேல் நிறுத்தினார். பெயர்தான் அப்படி, ஆழம் சுமார் 32 மீட்டர். 1838-வரை குகை இங்கே முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு ஃபிராங்க்ளின் கோரின் என்ற வழக்கறிஞர் குகையை விலைக்கு வாங்கி, தன் அடிமையான பதினேழு வயதுப் பையனை வழிகாட்டி வேலைக்கு அனுப்பினார். அவன்தான் ஸ்டீஃபன் பிஷப். வேலைக்கு வந்த சில மாதங்களிலேயே பிஷப் ஒரு மர ஏணியைக் குழியின் குறுக்கே போட்டு, ஒரு பார்வையாளருடன் அக்கரைக்குப் போனார். அந்தப் பக்கம் குகை விரிந்துகொண்டே போனது. அடித்தளத்து ஆற்றையும் அவர் கண்டார். அந்த ஆற்றில் கண்ணே இல்லாத வெளிறிய மீன்கள் இருந்தன. 1842-இல் ஜேம்ஸ் டிகே என்ற விலங்கியலாளர் அம்மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

1839-இல் குகை மறுபடி கைமாறியது. லூயிவில் நகர மருத்துவர் ஜான் குரோகன் 10,000 டாலருக்கு வாங்கினார். அந்த விலையில் பிஷப்பும் அடக்கம். மேட் பிரான்ஸ்ஃபோர்டு, நிக் பிரான்ஸ்ஃபோர்டு என்ற இன்னும் இரு அடிமைகள் நாஷ்வில் நகரத்து முதலாளி ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 100 டாலர் வாடகைக்கு வந்தார்கள்.

1842-இல் குரோகன் தன் வீட்டில் பிஷப்பை உட்காரவைத்து, குகையின் வரைபடத்தைப் போடச் சொன்னார். கையில் அளவுக் குறிப்பு எதுவும் இல்லை. இருட்டில் நடந்த வழிகளைக் கால் நினைவிலிருந்து எடுத்துக் காகிதத்தில் வைத்தார் பிஷப். அந்தப் படம் 1845-இல் வெளிவந்த ஒரு நூலில் அவர் பெயரோடே அச்சானது. தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத ஒருவரின் பெயர் ஒரு வரைபடத்தின் ஆசிரியராக அச்சில் ஏறியது அந்தக் காலத்தில் மிக அரிது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் படமே புழக்கத்தில் இருந்தது. எழுத்தை அவர் கற்றதே கூரையில் பிறர் பெயரைப் புகையால் எழுதி எழுதித்தான் என்று இன்றைய வழிகாட்டிகள் சொல்கிறார்கள். கோதிக் அவென்யூவில் அவருடைய பெயரையும் காட்டினார்கள். மற்றப் பெயர்களைவிடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.

இரண்டாம் நாள் மின்விளக்கு இல்லாத பாதையில் லாந்தர் விளக்கோடு போனோம். ஐந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரம். விளக்கைத் தூக்கிப் பிடிக்காதீர்கள் என்பதுதான் முதல் பாடம். முகத்துக்கு நேரே பிடித்தால் நமக்கும் கண் கூசும், பின்னால் வருகிறவருக்கும் வழி தெரியாது. முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் கால் வைக்கிற இடம் மட்டும் தெரியும், அது போதும். முதல் பத்து நிமிடம் இருட்டு அடர்த்தியாக இருந்தது. பிறகு கண் பழகி, கூரையின் வளைவும் பாறையின் மடிப்பும் தாமாகத் துலங்கின. மின்விளக்கில் முதல் நாள் பார்த்த அதே ராட்சதன் சவப்பெட்டி என்ற பாறை, லாந்தர் ஒளியில் இரண்டு பங்கு பெரிதாக நின்றது. பழைய வழிகாட்டிகள் பன்றிக் கொழுப்பெண்ணெய் விளக்குகளோடு, தோளில் எண்ணெய்க் குப்பியையும், கையில் சாப்பாட்டுக் கூடையையும் சுமந்தபடி நாள் முழுக்க நடந்தவர்கள். உயரமான கூடங்களைக் காட்ட, எண்ணெயில் நனைத்த துணிப் பந்தத்தைக் கொளுத்திச் சுழற்றி, தொலைவிலுள்ள பாறை விளிம்பில் சரியாகப் போய் உட்காரும்படி எறிவார்களாம். பல தலைமுறை வழிகாட்டிகள் இந்த எறியைக் கற்று வைத்திருந்தார்கள். இப்போது எறிவதில்லை, குகைக்குக் கேடு என்று நிறுத்திவிட்டார்கள்.

ஓரிடத்தில் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. கையை மூக்கருகே கொண்டுபோனேன், கை இல்லை. பேச்சு தானாக நின்றது. பக்கத்தில் இருந்த குழந்தை அம்மாவின் சட்டையைப் பற்றி இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. அரை நிமிடம் கழித்து அவர் ஒரு தீக்குச்சியைக் கிழித்தார். அந்த ஒரு குச்சியில் அந்தக் கூடம் முழுவதும் மங்கலாகத் தெரிந்தது. “இவ்வளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டுதான் அவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்” என்று மட்டும் சொன்னார். மேலே விளக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்.

மேட் பிரான்ஸ்ஃபோர்டின் கதையை அவர் சொன்னபோது குரல் மாறியது. மேட் தன் முதலாளிக்கே ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவர் என்று அவருடைய வழித்தோன்றல்கள் சொல்கிறார்கள். நாள்தோறும் சீமான்களையும் சீமாட்டிகளையும் கைபிடித்துப் பள்ளம் தாண்டிவிட்ட அவரால், தன் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய மூன்று பிள்ளைகளை விற்றுவிட்டார்கள்.

குரோகன் 1849-இல் காசநோயில் இறந்தார். குகைக் காற்று காசத்தைத் தீர்க்கும் என்று நம்பி 1842-இல் நோயாளிகளைக் குகைக்குள் குடிசை கட்டிக் குடியேற்றியவர் அவர். விளக்குப் புகையும் குளிரும் நோயை வளர்த்தன, சிலர் மாண்டார்கள். அந்தக் குடிசைகளில் கல்லால் கட்டிய இரண்டு இன்னும் நிற்கின்றன. தன் அடிமைகள் ஏழு ஆண்டுகள் கழித்து விடுதலை பெற வேண்டும் என்று அவர் உயில் எழுதியிருந்தார். அதன்படி பிஷப் 1856-இல் விடுதலையானார். மனைவி சார்லட்டோடு லைபீரியாவுக்குப் போய்க் குடியேற வேண்டும் என்று பார்வையாளர்களிடம் சொல்லி வந்தவர் அவர். போகவில்லை. அடுத்த ஆண்டே இறந்துபோனார். வயது முப்பத்தேழை எட்டவில்லை.

தொழில் மட்டும் தொடர்ந்தது. 1908-இல் மாக்ஸ் கேம்பர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் வந்து வியக்கத்தக்க துல்லியத்தோடு குகையை அளந்தபோது, உடன் நடந்தவர் எட் பிஷப். ஸ்டீஃபனின் உறவுவழி வந்தவர். பிரான்ஸ்ஃபோர்டு குடும்பத்தில் மகன், பேரன் என்று நூறு ஆண்டுகள் வழிகாட்டிகள் வந்தார்கள். 1941-இல் குகை தேசியப் பூங்காவானது. கறுப்பின வழிகாட்டிகளுக்கு அதில் வேலை தரவில்லை. பாதை கண்டவர்களின் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். இது அநீதி என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. 2004-இல் மேட்டின் எள்ளுப்பேரன் ஒருவர் அதே குகையில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். இடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன.

பெயர்களைப் பற்றி இன்னொன்று. பக்கத்து மேட்டுக்கடியில் உள்ள ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மாமத் குகையும் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பல ஆண்டுகள் தேடினார்கள். 1972 ஜூலையில் பட்ரிசியா கிரவுதர் என்ற மெலிந்த பெண் மற்றவர்கள் நுழைய முடியாத இடுக்கில் உடலைச் செருகி அந்தப் பக்கம் போனார். பிறகொரு பயணத்தில் அவருடைய குழு அந்த இடுக்கைத் தாண்டி முன்னேறியபோது ஒரு சுவரில் பீட் ஹெச் என்ற பெயரும் ஓர் அம்புக்குறியும் இருந்தன. பீட் ஹேன்சன் 1930-களில் மாமத் குகை வழிகாட்டி. அம்பு மாமத் பக்கம் காட்டியது. செப்டம்பர் 9 அன்று ஆறு பேர் கொண்ட குழு மார்பளவு தண்ணீரில் நடந்து போய், இருட்டில் ஓர் இரும்புக் கைப்பிடியைக் கண்டது. அது மாமத் குகையின் சுற்றுலாப் பாதை. உலகின் மிக நீளமான குகை என்ற பட்டம் அன்றைக்கு உறுதியானது. வழியைச் சொன்னது, எப்போதோ ஒரு வழிகாட்டி கிறுக்கிவிட்டுப்போன பெயர்.

வெளியே வரும்போது சோப்புத் தண்ணீர் ஊறிய பாய்களின்மேல் நடக்கச் சொல்கிறார்கள். வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை நம் செருப்போடு வேறு குகைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. எங்களுடைய வழிகாட்டி அங்கேயும் நின்று கடைசித் தடவையாகத் தலைகளை எண்ணினார்.

பார்வையாளர் மையத்திலிருந்து சிறிது தூரம் மர நிழலில் நடந்தால் பழைய வழிகாட்டிகளின் இடுகாடு வருகிறது. ஸ்டீஃபன் பிஷப் அங்கேதான் இருக்கிறார். பிட்ஸ்பர்க் நகரத்து ஜேம்ஸ் மெலன் என்பவர் 1881-இல் நட்ட கல், உள்நாட்டுப் போர் வீரர் ஒருவருக்காகச் செய்து யாரும் வாங்காமல் கிடந்தது. இவர்தான் முதல் வழிகாட்டி என்கிறது அக்கல். இறந்த ஆண்டு 1859 என்று தவறாகப் பொறித்திருக்கிறார்கள். அவர் இறந்தது 1857-இல். அங்கே போக டிக்கெட் இல்லை, வழிகாட்டியும் வருவதில்லை. மாமத் குகைக்குப் போகிறவர்கள் கால் மணி நேரம் ஒதுக்கி அந்தக் கல்லின் முன்னாலும் ஒருமுறை நின்றுவிட்டு வாருங்கள்.